கடைக்குப் போனதா, கடையிலிருந்து போனதா?

பெயர் வேண்டாம். பெயர் போட்டு எழுதினால், "எத்தினி பேரு படிச்சான்? அச்சடிச்சது எவ்ளோ? அதுல பஜ்ஜி மடிச்சது எவ்ளோ?" என்று என்னை உட்காரவைத்து விசாரிப்பாள். எங்களுக்கு அவள் கேசட்டு அக்கா. ஆவடி ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், செருப்புக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில், ஆறடி அகலத்தில் அவளுடைய ரெக்கார்டிங் கடை இருந்தது. எண்பதுகளின் கடைசியில் தொடங்கி ஏழெட்டு வருடம் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பையன்களின் சாயங்காலம் மொத்தமும் அந்த வாசலில்தான் வீணாய்ப் போனது.

ரெக்கார்டிங் கடை என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு காலிக் கேசட்டும், பிடித்த பாட்டுகளை எழுதிய சீட்டும் கொடுத்துவிட்டுப் போனால், இரண்டு நாளில் அந்தப் பாட்டுகளை வரிசையாக ஏற்றிக் கொடுப்பார்கள். சட்டப்படி தப்பு. ஊரெல்லாம் நடந்தது. அக்கா கம்பெனி கேசட்டும் விற்பாள். ஆனால் அண்ணனூர் வாடகை வீட்டில் அவளும் அவள் அம்மாவும் நர்சிங் படித்த தங்கையும் சாப்பிட்ட சோறு, ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டை ஏற்றக் கடையின் மூலையில் வைத்திருந்த அந்த டபுள் டெக் போட்ட சோறு. கம்பெனி ஆள் சரக்கு எடுத்துவரும் நாளில் மட்டும் டெக்கின் மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடியை வைத்துவிடுவாள். கம்பெனி ஆளும் சின்னக் குழந்தை இல்லை. "பூ நல்லாருக்கு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார். இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

பாட்டைப் பற்றி அக்காவுக்குப் பெரிதாக அபிப்பிராயம் கிடையாது. எண்ணிக்கையைப் பற்றித்தான் உண்டு. யாராவது ஒரு எண்ணைச் சும்மா சொல்லிவிட்டு அவளிடமிருந்து தப்பிக்கவே முடியாது. கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவி, ஒரு கேசட்டின் பல்லில் விட்டுச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்பாள். அவள் பென்சிலை உருவினாலே, சொன்ன எண்ணை நாங்களே பாதியாகக் குறைத்துக்கொள்வோம்.

அப்போது எங்களில் இரண்டு கட்சிகள். இரண்டுமே இங்கிலீஷ் பாப். ஒன்று ஆண் பாடகர் கட்சி, இன்னொன்று பெண் பாடகி கட்சி. அவர்கள் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் இரண்டு பேராவது சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் விடுங்கள். எங்களில் ஒருத்தனுக்கும் அந்தப் பாட்டில் பாதி வார்த்தை புரியாது. ஆனால் அந்த ஆல்பம் உலகத்தில் எத்தனை விற்றது என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஒருத்தன் மூன்று கோடி என்பான். இன்னொருத்தன், அது போன வருஷக் கணக்கு, இப்போது ஐந்து கோடி என்பான். டீக்கடைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அது ஏழாகியிருக்கும்.

ஒருநாள் பெண் பாடகி கட்சியின் தலைவன், கான்வென்ட்டில் படித்தவன், வெளிநாட்டுப் பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கவுன்டரில் விரித்தான். "பாருங்கக்கா. பிரின்ட்லயே கீது. நாலு கோடி."

அக்கா பென்சிலை உருவினாள்.

"யாருப்பா எண்ணுனது?"

"கம்பெனியே சொல்லுதுக்கா."

"மாப்பிள்ளையோட சம்பளத்த மாப்பிள்ளையோட அம்மா சொல்றா மாதிரியா?"

"அக்கா, அது பெரிய கம்பெனிக்கா."

"சரி. நாலு கோடின்றது கடைக்குப் போனதா, கடையிலருந்து போனதா?"

அவன் முழித்தான். நாங்களும் முழித்தோம். அதுவரை எங்கள் யாருக்கும் அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே தெரியாது.

"கம்பெனி எனுக்கு அம்பது பீசு அனுப்பும். அம்பது போச்சுன்னு அவன் எழுதிக்குவான். முப்பது இதோ இந்த ராக்குல தூசி தின்னுகினு கீது. ஆறு மாசம் கழிச்சித் திருப்பி அனுப்புவேன். அத்த எவனாவது கழிச்சி எழுதுறானா? அமெரிக்காவுல மட்டும் ராக்கு இருக்காதா?"

அன்றைக்கு இரண்டு கட்சியும் சோர்ந்துபோய் வீட்டுக்குப் போனோம். அதற்கப்புறம் அந்தக் கேள்வி எங்கள் ஊர் வியாதியாகிவிட்டது. பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்துச் சண்டைக்கு வந்த பையன்களைக்கூட நாங்கள் அதைக் கேட்டே துரத்தினோம்.

அவளிடம் இன்னொரு பேஜாரும் உண்டு. ரெக்கார்டிங் சீட்டுகளை எறியவே மாட்டாள். ஒரு கம்பியில் குத்திக் குத்தி மாட்டியிருப்பாள். ஆண் பாடகர் கட்சியில் ஒருத்தன், நெற்றியில் ரிப்பன் கட்டிக்கொண்டு, தெருவிலேயே இடுப்பை ஒடித்து ஆடுகிறவன், "தமிழ்ப் பாட்டையெல்லாம் மனுஷன் கேப்பானா" என்று ஒருநாள் வாயை விட்டான். அக்கா எழுந்தாள். கம்பியிலிருந்து ஒரு சீட்டை உருவி, ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதைப் போல் வாசித்தாள். பன்னிரண்டு பாட்டு. பன்னிரண்டும் தமிழ். எல்லாமே காதலி கழற்றிவிட்டதற்கு அழுகிற பாட்டு. "கையெழுத்து யாருதுன்னு பாத்துக்க நைனா" என்று சீட்டை அவனிடமே நீட்டினாள். பாவம், அவன் ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை.

இந்தக் குணம் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர்கள் சபையில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. கடைசி நாள் பாஸ்டர் மைக்கில், "பத்தாயிரம் ஆத்துமாக்கள் கூடி வந்திருக்கிறோம்" என்றார். ஜெபம் முடிந்ததும் அக்கா நேராக அவரிடம் போய், "பாஸ்டர், சேரு எடுத்தது எண்ணூறு. என் தம்பி முறைக்காரன்தான் வாடகைக்கு இறக்குனான். மீதிப் பேரு மடியில உக்காந்தாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். பாஸ்டர் நல்ல மனுஷன், சிரித்துவிட்டார். அவள் அம்மாதான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்கே போகாமல் வீட்டில் இருந்துவிட்டார்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் விடவில்லை. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபாக்டரியில் சூப்பர்வைசர். "எனக்குக் கீழ இருபது பேர் வேலை செய்றாங்க" என்று காலை ஆட்டிக்கொண்டே சொன்னாராம். காபித் தட்டை நீட்டிக்கொண்டிருந்த அக்கா, "இருபதுன்னா ஒரே ஷிப்டுலயா, மூணு ஷிப்டும் சேத்தா?" என்று கேட்டாளாம். மூன்று ஷிப்டும் சேர்த்துத்தான். காபி ஆறுவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். இதை அவளே எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, ஏற்கெனவே சுற்றி வைத்த கேசட்டையே எடுத்துத் திரும்பவும் சுற்றினாள்.

"ஏன்க்கா இப்படி? ரெண்டு நம்பர் கூடச் சொன்னா உலகம் அழிஞ்சிடுமா?" என்று நான் கேட்டேன்.

"பாட்டு நல்லாகீதுன்னா நல்லாகீதுன்னு சொல்லிட்டுப் போடா. அதுக்கு எதுக்குக் கோடியத் துணைக்குக் கூப்புட்ற? நெம்பரக் கூப்புட்டா நெம்பரு நெஜமா இருக்கணும். இல்லன்னா பாட்டுக்கே அசிங்கம்."

அப்போது தலையாட்டினேன். பின்னால் அந்தக் கத்தி என் கழுத்துக்கே வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கிடார் வைத்திருந்த ஒவ்வொருத்தனும் தமிழில் பாப் ஆல்பம் போட்டான். என்னிடமும் ஒரு கிடார் இருந்தது. விதி! சிட்டியில் ஒரு சின்னக் கம்பெனி எட்டுப் பாட்டைப் பதிந்து கேசட் போட்டது. அட்டையில் நான் திருநின்றவூர் ஏரிக்கரையில் யாருடைய பைக்கிலோ சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வானத்தில் ஒன்றும் இல்லை. எட்டில் ஒரு பாட்டு ரயில்வே கேட்டைப் பற்றியது. கேட்டை மூடிவிட்டான், வண்டியும் வரவில்லை, அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான் என்று போகும். நடுவில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஹாரன் வர வேண்டும். அதற்கு வாத்தியம் வைக்கக் கம்பெனி மறுத்துவிட்டதால், "பாஆஆம்" என்று நானே வாயால் கத்தினேன்.

கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. மூன்று மாதம் பார்ப்போம், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் உன் ஊர்தானே, அங்கே விற்றால் அடுத்த ஆல்பம், இல்லையென்றால் நமஸ்காரம் என்றார்கள். இந்தப் பக்கம் என் அப்பா. தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர். நண்பரிடம் சொல்லி எஸ்டேட்டில் எனக்கு ஒரு ஸ்டோர்ஸ் வேலை பிடித்து வைத்திருந்தார். ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"ஏல, அந்தக் கேசட்டு வித்துட்டுன்னு கம்பெனிக்காரன் சொன்னான்னா, நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ பாடு. விக்கலைன்னா மரியாதையா ஒன்னாந்தேதி டிபன் பாக்ஸத் தூக்கிருதே. சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

எல்லாம் கம்பெனி ரெப் எழுதிக்கொண்டு போகும் எண்ணில் நின்றது; பூவைப் பாராட்டும் அதே ஆள்தான், என் கம்பெனி சரக்கும் அவர் வழியாகத்தான் வந்தது. மற்ற கடைக்காரர்கள் "சூப்பரா போவுது சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறவர்கள். அதனால் இந்தப் பக்கத்தில் ரெப் நம்பியது அக்காவின் எண்ணை மட்டும்தான். அக்கா கடைக்கு ஐம்பது கேசட் வந்திருந்தது. நான் தினமும் போய், "எத்தனை வித்துச்சுக்கா?" என்று கேட்டேன். அவள் தினமும் சொன்னாள். ரெண்டு. ரெண்டு. மூணு. மூணு. ரெப் வருவதற்கு முதல் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, "ஒம்பது" என்றாள்.

"பதினாலுக்கா! எனக்குத் தெரியும்."

"பதினாலுதான் போச்சு. அதுல அஞ்சு நீ ஆள் வெச்சு வாங்குனது."

"யார் சொன்னா?"

"அஞ்சு பேருல ஒருத்தனும் ஒரு பாட்டு போட்டுக் காட்டுன்னு கேக்கல. எவன்டா கேக்காம கேசட்டு வாங்குவான்?"

மானம் போயிற்று. ஆனால் மானத்தைப் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. மீதி முப்பத்தாறு கேசட்டில் முப்பதை நானே எடுத்துப்போய் வீட்டில் ஒளித்து வைக்கிறேன், நாற்பத்துநாலு விற்றது என்று மட்டும் சொல், போதும் என்று கெஞ்சினேன். கையைப் பிடித்துக்கொண்டேன். "என் வாழ்க்கைக்கா இது."

அவள் கண் கலங்கியது. சத்தியமாய்க் கலங்கியது, நான் பார்த்தேன். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"உன் வாழ்க்கைக்கு நான் பொய் நெம்பரு போட மாட்டேன்டா. நாலு கோடியையே நான் உடல. உனுக்கு மட்டும் உட்டா நான் இன்னா மனுசி?"

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கல்யாணம் ஆகாததைக்கூடச் சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அவள் பென்சிலால் எவனுடைய கேசட்டையோ சுற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரெப் வரும் நேரத்துக்குப் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்கிறாள் என்று பார்த்துவிடலாம் என்ற வீம்புதான். மத்தியான வெயில். டெக்கின் மேல் துணி, துணிமேல் பூச்சாடி. ரெப் வந்தார், வழக்கம்போல் பூவைப் பாராட்டினார், பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"நம்ம தம்பி கேசட்டு எப்படி சிஸ்டர்?"

"வித்தது ஒம்பது சார்."

அவர் எழுதினார். என் பக்கம் திரும்பி, "பாக்கலாம் தம்பி" என்றார். பார்க்கப்போவதில்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. டிபன் பாக்ஸ் கண்முன்னால் வந்து நின்றது.

"இரு சார். முழுசா எழுதிக்க" என்றாள் அக்கா.

எழுந்தாள். பூச்சாடியைத் தூக்கித் தரையில் வைத்தாள். துணியை உருவினாள். டெக் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"இந்தப் பையனோட ரயில்வே கேட்டுப் பாட்ட இதுல நான் ஏத்திக் குடுத்தது நூத்தி நாப்பத்தி மூணு பேருக்கு. எல்லாச் சீட்டும் அந்தக் கம்பில கீது. எண்ணிக்க."

ரெப்புக்கு வியர்த்துவிட்டது. "சிஸ்டர், நான் ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல. துணியப் போடுங்க. நீங்க வாயால சொல்லிட்டா நான் ஆபீஸ்ல சொல்லியே ஆகணும். சரக்கும் நிக்கும், ரெய்டும் வரும். எதுக்குங்க?"

"சொல்லிக்க. ஒம்பதுன்னு மட்டும் எழுதிகினு போனா, இவன் பாட்ட ஒம்பது பேருதான் கேட்டான்னு ஆயிடும். அது பொய்."

"ரெக்கார்டிங்கெல்லாம் விற்பனையில வராது சிஸ்டர்."

"வராதுன்னுதான் நானும் சொல்றேன். வித்தது ஒம்பது. கேட்டு வாங்குனது நூத்தி நாப்பத்தி மூணு பேரு. ரெண்டு வரியா எழுது."

எனக்குக் கோபம் வந்தது. என் பாட்டை இவளே நூற்று நாற்பத்து மூன்று தடவை திருடியிருக்கிறாள்! அடுத்த நொடியே, நூற்று நாற்பத்து மூன்று பேர் என் பாட்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது உறைத்தது. எதற்கு அழுவது, எதற்குத் திட்டுவது என்று தெரியாமல், "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீ எத்தினி வித்துச்சுன்னுதான் தெனமும் கேட்ட. எத்தினி பேரு கேட்டான்னு ஒரு நாளும் கேக்கல." அப்புறம் குரலை இறக்கினாள். "வெக்கமா இருந்துச்சுடா. உன் பாட்ட ஏத்தி நான் சோறு துண்ணுகினு, உங்கிட்ட ஒம்பதுன்னு சொல்லிகினு கீறேன். எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்லுவேன்?"

அதற்கப்புறம் நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்கு இரண்டாவது வரி தேவைப்படவில்லை. எனக்கு அடுத்த ஆல்பம் இல்லை. அவளுக்குச் சரக்கு நின்றது, பத்தே நாளில் ரெய்டு வந்து டெக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வருடம் ரொம்பக் கஷ்டப்பட்டு, பிறகு அதே ஆறடியில் டெலிபோன் பூத் வைத்தாள். நான் ஒன்றாம் தேதி டிபன் பாக்ஸைத் தூக்கினேன், அதே எஸ்டேட்டில் ரிட்டையரும் ஆனேன். இதில் எதுவும் எனக்கு இன்று பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை, ரெப் நோட்டை மூடுவதற்குள் வந்த ஒரு ஆளைத்தான் மறக்க முடியவில்லை.

காக்கிச் சட்டை. அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை பார்க்கிறவர். கையில் ஒரு காலிக் கேசட். கடைக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"யம்மா, அந்தக் கேட்டுப் பாட்டு ஏத்திக் குடு. ரெண்டு பக்கமும் அதே பாட்டு. முன்ன குடுத்த டேப்பு சிக்கிகினு அறுந்துபோச்சு. எங்க பாப்பா அந்தப் பாட்டு ஓடுனாத்தான் சோறு துண்ணுது. ரெண்டு நாளா வாயே தொறக்கல."

"எந்த எடத்துல வாயத் தொறக்கும்?" என்று என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன்.

"அந்தாளு பாம்னு கத்துவான் பாரு, அங்க. டபக்குனு ஒரு உருண்டைய உள்ள தள்ளிடுவா எங்க ஊட்ல." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அட்டையில் இருந்த கறுப்புக் கண்ணாடிக்காரன் நான்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "ஆனா தம்பி, ஹாரன் சத்தம் தப்பு. எந்த வண்டியும் அப்பிடிக் கத்தாது. பாடுறவன் குரலும் சுமார்தான். குழந்தைக்குப் புடிச்சிருக்கு, இன்னா பண்றது!"

ரெப் சிரித்துவிட்டார். நல்ல மனம்தான் அவருக்கும். பேனாவைத் திறந்து, "சிஸ்டர், அப்ப ரெண்டாவது வரியில நூத்தி நாப்பத்தி நாலுன்னு போட்டுக்கவா?" என்றார்.

"போடாத சார்" என்றாள் அக்கா. "இவரு ஏற்கெனவே அந்தக் கம்பில கீறாரு. அதே பாப்பா. நூத்தி நாப்பத்தி மூணுதான்."

அந்த ஒன்றைக் கூட்டாமல் விட்டாளே, அப்போதுதான் மீதி நூற்று நாற்பத்து மூன்றையும் நான் நம்பினேன். ஒருத்தர்கூடப் பொய் இல்லை. அத்தனை பேரும் எங்கேயோ இருக்கிறார்கள், ஒரு வீட்டில் ஒரு குழந்தை இரண்டு நாளாக வாயைத் திறக்காமல் எனக்காக உட்கார்ந்திருக்கிறது. காக்கிச் சட்டைக்காரரின் கையிலிருந்து காலிக் கேசட்டை வாங்கினேன். ரெப் பார்த்துக்கொண்டே நிற்க, என் கேசட்டோடு சேர்த்து டெக்கில் போட்டு, ரெக்கார்டு பட்டனை நானே அமுக்கினேன்.